மெயின் இறக்கும் நேரம்

எங்கள் அரிசி ஆலைக் கந்தோரின் கதவோரம் சிவப்புக் கைபிடி வைத்த மெயின் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஒருமுறை இடிமின்னலில் கம்ப்யூட்டர் கருகிப்போனதிலிருந்து, பின்னேரம் சாம்பிராணி காட்டிவிட்டு அப்போதெல்லாம் முதலாளி தன் கையாலேயே அதை இறக்குவார். எங்களுக்கு அதுதான் வேலை முடிந்த மணி. திரை இருண்டதும் கைப்பையை எடுப்போம். இப்போது அதை இறக்குவது நான். அந்தச் சுவிட்சைத் தொடும்போதெல்லாம் எனக்கு மச்சாளின் ஞாபகம் வரும். ஞாபகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பொறாமைதான்.

மச்சாள் என் தம்பியின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். நாவற்குடாவில் என்னோடு சண்டை பிடித்து வளர்ந்தவனை அவள் மண்டூருக்குக் கொண்டுபோனாள். வழக்கம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் கந்தோருக்கே வேலைக்கு வந்து, எனக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். என் வேலைக்கு ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளும் முதலாளி, அவளுடையதற்குக் "கெட்டிக்காரி" என்பார். பழைய கணக்காளர் விலகப்போகிறார், கந்தோர்ப் பொறுப்பு எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் என்று பேச்சு அடிபட்ட காலம் அது.

அந்த நேரம் பார்த்து என் மெனு காணாமற்போகத் தொடங்கியது. அப்போதுதான் வந்திருந்த கணக்கு மென்பொருளில் எனக்குத் தேவையானவற்றை மேலே வரிசையாக அடுக்கியிருந்தேன்: நெல் கொள்வனவு, சாக்கு, தவிடு, லொறிக் கூலி. அறுவடைக் காலம், வாசலில் சனம் மூட்டைகளோடு நிற்கும். திறந்தால் என் வரிசை இருக்காது, கம்பனி தந்த மொட்டை மெனுதான் நிற்கும். திரும்ப அடுக்குவேன், மறுநாள் திரும்ப இல்லை. பயனர் பெயரை மாற்றினேன். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். கம்பனிக்குப் போன் எடுத்தால், "எங்கட பக்கம் எல்லாம் சரி மிஸ்" என்றார்கள். மச்சாளின் மெனுவோ அசையாமல் நின்றது. அவள்தான் என்னுடையதைக் கலைக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். மண்டூர் பஸ்ஸைப் பிடிக்க, முதலாளி சாம்பிராணி எடுக்கும் முன்பே அவள் போய்விடுவாள். முந்திப் போகிறவளுக்கு எல்லாம் நிற்கிறது, கடைசிவரை இருந்து மாய்கிறவளுக்கு ஒன்றுமில்லை என்று வயிறெரிந்தேன்.

ஒருநாள் தம்பி மோட்டார்சைக்கிளில் ஏற்ற வருவதாகச் சொன்னதால் அவளும் மெயின் இறங்கும்வரை இருந்தாள். மறுநாள் காலை அவளுடைய மெனுவும் இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வருவதற்குள் அவள் காரணத்தைப் பிடித்துவிட்டாள்.

"மச்சாள், நான் எந்த நாளும் மூடித்துத்தான் போறனான். நேத்து மூடல்ல, மெயினோட நிண்டு போயித்து. நீங்க எண்டைக்காவது மூடினீங்களா?"

"மெயின் விழுந்தா எல்லாம் நிக்கும்தானே. பிறகென்னத்துக்கு மூடுற?" என்றேன்.

அதுதான் விசயம். மென்பொருளை ஒழுங்காக மூடாமல் கரண்ட் போனால், மெனுவை வைத்திருக்கும் கோப்பு பழுதாகிவிடும். கடைசிவரை இருந்த நாங்கள் எவருமே அதை மூடியதில்லை. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாரு பிள்ள, ஒரு நாள்தான் பிந்தி நிண்டாள், கண்டுபிடிச்சித்தாள்!" பொறுப்பு அவளுக்குப் போனது. வீட்டுக்குப் போய் அழுதேன்.

இப்போது அவள் தம்பியோடு கனடாவில். அவள் விட்டுப்போன பொறுப்பு எனக்கு வந்தது. முதலாளிக்கு முழங்கால் வலி என்பதால் மெயின் இறக்குவதும் என் வேலை. போன கிழமை ஒருநாள் பின்னேரம் ஒரு பழைய கணக்கைத் தேடி அவளுடைய பயனர் பெயரில் திறந்தேன். அவளுடைய மெனு அப்படியே இருந்தது: நெல் கொள்வனவு, சாக்கு, தவிடு, லொறிக் கூலி. என் வரிசை. என்னைப் பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறாள். தம்பி போதாதென்று இதையுமா எடுத்தாய் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு வரிசையை இன்னொருமுறை மேலிருந்து கீழே வாசித்தேன்.

வெளியே வாவிப் பக்கம் இடி முழங்கியது. கதவோரம் போய்ச் சிவப்புக் கைபிடியில் கை வைத்தேன். அப்படியே இறக்கினால் காலையில் அவளுடைய மெனு இருக்காது. கையை எடுத்தேன். பிறகு திரும்பிப் போய், அவளுடையதை ஒழுங்காக மூடிவிட்டு வந்து மெயினை இறக்கினேன்.