பெரியப்பா திரும்பப் பெற்ற வாக்கியம்

பெரியப்பா இறந்த செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. பள்ளி விட்டு டவுன் பஸ்ஸில் வரும்போது, வில்லாபுரம் நிறுத்தத்தில் இரண்டு பேர் ஏணி போட்டு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே அவர் முகம். அதற்கும் கீழே, "அந்தப் படுகொலையே கட்டுக்கதை என்று முழங்கிய சிங்கமே."

அவரை இரண்டு முறை கவுன்சிலராக்கிய உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாளை படத்திறப்பு. மேடையிலும் அதே வாக்கியத்தைப் போடுகிறார்கள். அதை அவர் திரும்பப் பெற்றுவிட்டாரே என்று அப்பாவிடம் சொன்னேன். "எலெக்‌ஷன் வருது. கட்சிக்காரங்க முன்னாடி வாயத் திறந்த, தோல உரிச்சுருவேன்" என்றார். அதனால் வீடு தூங்கியபின் எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, மேடைக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தருவது என் வேலை. போன வருடம், எங்கோ தூர தேசத்தில் நடக்கும் போரைக் கண்டித்துக் கூட்டம் போட்டார்கள். போரிடும் ஒரு நாட்டு மக்களின் முன்னோர்கள் ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டவர்கள். அது நடக்கவே இல்லை என்று போனில் ஒரு செய்தி வந்திருந்தது. கைதட்டல் விழும் என்று அதைக் கடைசி வாக்கியமாக எழுதிவிட்டேன். பெரியப்பா அப்படியே முழங்கினார். விசில் பறந்தது.

மறுநாள் தையல்கடை ராணி அக்கா வீட்டுக்கு வந்தார். இலங்கைப் போரின்போது குழந்தையாக வந்து, அகதி முகாமிலேயே வளர்ந்தவர். உட்காரவில்லை.

"அண்ணே, எங்க அம்மா செத்ததையும் ஒருத்தர் மேடையில பொய்யின்னுதான் சொன்னாரு. அன்னைக்கும் கைதட்டுனாங்க."

அவர் போன பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அத எங்க எடுத்த தாயி?"

"போன்ல வந்துச்சு பெரியப்பா."

"நீ எழுதுனது பேப்பர்லதான் இருந்துச்சு. மைக்குல சொன்னது நானு" என்றார். அதன்பிறகு என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

ராணி அக்காவிடம் நேரில் வருத்தம் தெரிவித்தால் போதும் என்று கட்சியில் சொன்னார்கள். பெரியப்பா கேட்கவில்லை. "ஊருக்குச் சொன்ன பொய்ய ஒருத்தர் காதுல திருத்த முடியாது" என்றார். கூட்டத்துக்கு விளம்பரம் செய்த அதே ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதே தெருக்களில் கிளம்பினார். அவர் சொல்ல நான் எழுதியதைப் படித்துக் காட்ட நானும் ஏறினேன். பள்ளித் தோழிகள் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்தே இருந்தேன்.

பெரியப்பா மைக்கைப் பிடித்தார். "பொதுமக்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நான் பேசுனதுல ஒண்ணு பொய். செத்தவங்களச் சாகலைன்னு சொல்லிட்டேன். தெரியாமச் சொன்னேன். தெரியாமப் பேசுனதும் தப்புத்தான்."

டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "என்னண்ணே, அடுத்து அந்த நாட்டுல நிக்கப் போறீகளா?"

கடையே சிரித்தது. ஆட்டோக்காரரும் விடவில்லை. "ஓட்டுக் கேக்கக்கூட இம்புட்டுத் தெரு சுத்தலையேண்ணே."

"ஓட்டு, விழுந்தவரைக்கும் லாபம் மாப்ள. இது கடைசித் தெரு வரைக்கும் போகணும்" என்றார் பெரியப்பா.

அடுத்த கூட்டத்தில் அவருக்கு மேடையில் நாற்காலி இல்லை. கீழே உட்கார்ந்து கேட்டார். தூர தேசத்துப் போரைப் பற்றி யாராவது சத்தமாகப் பேசினால் மட்டும் முகம் சுளிப்பார். "எழவு வீட்டுக்குப் போனா இப்படியா பேசுவோம்? அங்கேயும் எழவு வீடுதானே?" என்பார். போர் வேண்டாம் என்று பேசுவதை அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு செய்தியையும் எங்கிருந்து வந்தது என்று மூன்று முறை கேட்ட பிறகே பேசினார்.

கடைசியில் மருத்துவமனையில் கிடந்தபோது ஒருநாள் சொன்னார்: "முப்பது வருசம் மைக்கப் பிடிச்சேன், ஒருநாளும் பயந்ததில்ல. அந்த ஆட்டோவுலதான் மொத தடவ பயந்தேன். அந்தப் பயம் முதல்லயே வந்திருக்கணும் தாயி."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பயம்தான். அப்பாவை நினைத்தால் வருவது வேறு பயம். அது நாளையோடு போய்விடும். படத்துக்கு மாலை விழுவதற்கு முன் மைக்கைக் கேட்டு வாங்கி இதைப் படிப்பேன். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். அதைத் திரும்பப் பெற்றவர் என் பெரியப்பா.