நாலாவதாக ஒரு கல்

1. தூசி

அன்று காலை பதினொரு மணிக்குப் பலெர்மோவின் வானம் பழுத்த தோடம்பழ நிறத்தில் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து வரும் சிரொக்கோ காற்று, பாலைவனத்துப் பொடியை அள்ளி வந்து நகரத்தின் மீது கொட்டிக்கொண்டிருந்தது. ஒரேத்தோ வீதியில் ஒரு கராஜுக்கு மேலே எங்கள் அலுவலகம். அதன் யன்னல் விளிம்பில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. எனக்கு எழுதும் மனநிலை இல்லை. முன்னாலிருந்த திரையில் மூன்றாம் வண்டியின் புள்ளி நாற்பது நிமிடமாக ஓரிடத்திலேயே நின்றது. அந்த வண்டியை ஓட்டியவன் ரமணன், என் மனைவியின் தம்பி.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற இளையவர்களுக்கு ஒரு விளக்கம். நல்ல தார் வீதி இருக்கும்போது வீதியே இல்லாத மலையில் வண்டி ஓட்ட ஆசைப்படும் மனிதர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காசும் கொடுப்பார்கள். அவர்களைக் கப்பலில் துனீசியாவுக்கு அனுப்பி, தெற்கே மொட்டைப் பாலைவன மலைகளில் கூட்டமாக ஓடவைத்து, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் தொழில். நான் பலெர்மோவில் இருந்தபடி பாதை திட்டமிடுபவன். எங்கே சந்திப்பது, எங்கே ரயர் காற்றை இறக்குவது, எந்தத் தடத்தில் திரும்பக்கூடாது என்பதெல்லாம் நான் எழுதும் பயணத் தாளில் இருக்கும். "நீங்களும் மலையில் ஓட்டுவீர்களா?" என்று கேட்பார்கள். வீட்டுத் தெருவில் இரண்டு காருக்கு இடையில் என் காரை நிறுத்தவே எனக்கு மூன்று தரம் வேண்டும்.

கூட்டத்தின் கடைசி வண்டியை இத்தாலியர் ஸ்கோப்பா என்பார்கள், விளக்குமாறு. பின்தங்குகிறவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவது அதன் வேலை. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் சிஞ்ஞோராமாரின், அதாவது இத்தாலியச் சீமாட்டிமாரின், வீடுகளில் உண்மையான ஸ்கோப்பா பிடித்தவன். ஆகவே என் மைத்துனனைக் கடைசி வண்டியில் போட்டபோது குடும்பத் தொழிலைக் காப்பாற்றிய திருப்தி எனக்கு இருந்தது.

2. மூன்று வண்டிப் பயணம்

அந்த முறை ஐந்து வண்டிகள் போவதாக இருந்தது. இரண்டு குடும்பங்கள் கடைசி நேரத்தில் விலகிவிட்டன. மிஞ்சியது மூன்று. முதல் வண்டியில் தானோ. மலையில் வளர்ந்த சிசிலியன், எங்கள் வழிகாட்டி. இரண்டாம் வண்டியில் ஒரு பல் வைத்தியரும் அவருடைய குடும்பமும். மூன்றாவதில் ரமணன். அவனுடன் சிஞ்ஞோரா ரொசால்பா, எழுபது கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. சொந்தமாக ஓட்டமாட்டார், ஆனால் எல்லாருக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுப்பார். அவருக்கு ஆஸ்துமா.

மூன்று என்ற எண் எனக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படமாட்டோம். புறப்படத்தான் வேண்டுமென்றால் வழியில் ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம், அது நாலாவது ஆள். நான் நாலு மொழியில் புத்தகம் வாசிப்பவன், பகுத்தறிவு பற்றி இரண்டு மணித்தியாலம் கதைக்கக்கூடியவன். ஆனாலும் பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு மன்டரின் தோடைத் தோட்டத்துக்குப் போய், மரத்தடியில் கைக்கு அடக்கமான ஒரு கல்லைப் பொறுக்கி வந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் அதைத் தாளிலும் எழுதினேன். "வண்டி 4: சாஸ்ஸோ." இத்தாலியனில் கல் என்று பொருள். தாளில் எழுதிய ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிராக்கர் வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் மென்பொருள் பயணத்தைத் திறக்காது. ஆகவே மேலதிகமாகக் கிடந்த ஒரு டிராக்கரைக் கல்லோடு சேர்த்துக் கறுத்த ரேப்பால் சுற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அது தன் இடத்தைச் சொல்லும்.

முதலாளி சிஞ்ஞோரா லீனா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் கதைப்பது இத்தாலியன்தான். ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு எல்லாருடைய கதையும் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது.

"இது என்ன?"

"நாலாம் வண்டி, சிஞ்ஞோரா."

"இதுக்கு ஆர் டிரைவர்?"

"டிரைவர் தேவையில்லை."

"அப்ப உங்கடை மற்ற டிரைவர்மாரை விடப் பரவாயில்லை," என்று சொல்லிக் கல்லை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தானோவிடம் கொடுத்தனுப்பினேன்.

3. நடக்கும் புள்ளி

அன்று மதியத்துக்குமுன் மூன்று வண்டிகளும் ஒரு வற்றிய கிணற்றடியில் கூடவேண்டும். ஒன்றும் இரண்டும் கூடிவிட்டன. அதற்குள் தூசிப்புயல் எழுந்துவிட்டது. சற்றலைட் போன் முதல் வண்டியில் மட்டும். மற்ற வண்டிகளுக்கு ரேடியோ, அது மலைக்கு அப்பால் கேட்காது. மூன்றாம் வண்டி மலைக்கு அப்பால் நின்றது.

நான் வண்டி நிற்பதற்குப் பயப்படவில்லை. வண்டி என்றால் நிற்கும். உள்ளே நாற்பது லீற்றர் தண்ணீர் இருந்தது. பயணத் தாளின் முதல் வரியே "என்ன நடந்தாலும் வண்டியை விட்டு இறங்காதே" என்பதுதான். பயந்தது நாலாம் புள்ளியைப் பார்த்து.

அது மூன்றாம் புள்ளியிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு மீற்றர், கல்லு மண்ணில் ஒரு மனிதன் நடக்கிற வேகம். கிழக்கே, வாதி என்று அங்கத்தையவர்கள் சொல்லும் வறண்ட ஆற்றுப் படுகையை நோக்கிப் போனது.

தானோவுக்குப் போன் அடித்தேன். "கல் எங்கை?"

"எந்தக் கல்?"

"நாலாம் வண்டி."

"அதுவோ? விடியவே ரமணன் கேட்டு வாங்கினவன். நாலாவது கடைசி வண்டியிலைதான் வரவேணுமாம்."

எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். ரமணன் வன்னியில் யுத்தத்தின் கடைசிவரை இருந்து வந்தவன். நிற்கிற வாகனத்துக்குள் இருப்பவன் சாவான், இறங்கி நடப்பவன் ஒருவேளை பிழைப்பான் என்று அவனுக்கு அங்கே உடம்பில் எழுதிவிட்டார்கள். நான் தாளில் எழுதியது அதற்கு முன்னால் எம்மாத்திரம்? கல்லையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உதவி தேடி இறங்கி நடக்கிறான். தூசிப்புயலில், ஒரு போத்தல் தண்ணீரோடு.

அப்போது என் மனைவி சுகந்தி தான் வேலை செய்யும் வீட்டுக் குசினியிலிருந்து போன் எடுத்தாள். சிரொக்கோ அடித்தால் அவளுக்கு நித்திரையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

"இஞ்சாருங்கோ, தம்பி எங்கை நிக்கிறான்?"

சொன்னேன். அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"தாளிலை என்ன எழுதினனீங்கள்?"

"இறங்காதே எண்டு."

"அப்ப அவன் இறங்கியிருக்கமாட்டான்."

"புள்ளி நடக்குதடி."

"புள்ளிதானே நடக்குது," என்றாள்.

கிணற்றடியிலிருந்து இரண்டு தடங்கள் பிரிகின்றன. இடப்பக்கத் தடம் கணவாய் ஏறி மூன்றாம் வண்டிக்குப் போகும். வலப்பக்கத் தடம் வாதிக்குள் இறங்கும். பல் வைத்தியரைப் பிள்ளைகளோடு இந்தத் தூசிக்குள் அனுப்ப முடியாது. போகக்கூடியது தானோ ஒருவன்தான். நான் "வலப்பக்கம்" என்றேன்.

4. தானோ கண்டது

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு தானோவின் குரல் வந்தது. காற்று அதைப் பாதி தின்றிருந்தது.

"வந்திட்டன். எங்கை?"

திரையில் முதல் புள்ளியும் நாலாம் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

"நீ அவனுக்கு மேலைதான் நிக்கிறாய். இறங்கிப் பார்."

கதவுச் சத்தம், பிறகு ஹோர்ன் நீளமாக, பிறகு "ரமணோ! ரமணோ!" என்ற கத்தல்.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை."

"காலடி?"

"இந்தக் காத்திலை என்ரை காலடியே இல்லை."

திரை தன்னைப் புதுப்பித்தது. நாலாம் புள்ளி நானூறு மீற்றர் முன்னால் இருந்தது. சொன்னேன். தானோ அங்கே போனான். இல்லை. மறுபடி புதுப்பித்தது. மறுபடி முன்னால். ஒவ்வொரு தரமும் அதே தூரம்தான், ஒரு ஆள் கொஞ்சம் நடந்து திரும்பி நின்று, பின்னால் வருகிறவன் வருகிறானா என்று பார்ப்பதைப் போல.

மூன்றாம் தரம் தானோ வண்டியை விட்டு இறங்கவில்லை.

"கேள். நீ இத்தனை வருசம் என்னோடை வேலை செய்யிறாய். நீயும் கிறிஸ்தவன்தானே?"

"சைவம்."

"என்னவாயும் இரு. நான் இதுக்குப் பின்னாலை போகமாட்டன். இது ஆளைத் தேடிப் போகேல்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு போகுது."

என் அறையில் வெளிச்சம் இன்னும் சிவந்திருந்தது. தானோவின் சக்கரத்தடியில் கிடக்கும் அதே மண்தான் என் விசைப்பலகையிலும் கிடக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. நான் அதை ஊதினேன். அது போகவில்லை.

"திரும்பு," என்றேன். "மூண்டாம் வண்டிக்குப் போ."

போக, தேட, திரும்ப என்று வீணானது இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், சொந்தமாக எழுதிய தாளை முதல் தடவையாக முழுக்க வாசித்தேன். மருந்துப் பெட்டி, முதல் வண்டியில் என்று இருந்தது. ஆஸ்துமாக்காரி மூன்றாம் வண்டியில் என்றும் இருந்தது. இரண்டும் என் எழுத்து. இரண்டுக்கும் இடையில் ஏழு வரி.

5. மூன்றாம் வண்டி

வண்டி கணவாய்க்குக் கீழே, காற்று வடிகட்டி அடைத்து நின்றிருந்தது. கண்ணாடிகள் மேலே ஏற்றி, துவாரங்களில் ஈரத் துணி அடைத்திருந்தது. ரமணன் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தான். சிஞ்ஞோரா ரொசால்பாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவருடைய இன்ஹேலர் வெறுமையாகி எவ்வளவு நேரமாயிற்று என்று ரமணன் மணிக்கூட்டைப் பார்த்துத் துல்லியமாகச் சொன்னானாம். தானோ பெட்டியிலிருந்து புது இன்ஹேலரை எடுத்து அவர் வாயில் வைத்தான். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அன்று மாலை துனீசிய வைத்தியர் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

கல் சிஞ்ஞோராவின் காலடியில் கிடந்தது. சுற்றிய ரேப் சுற்றியபடியே இருந்தது. காலையிலிருந்து அது அங்கேதான்.

நாலு நாள் கழித்து அவர்கள் பலெர்மோத் துறைமுகத்தில் இறங்கினார்கள். சிஞ்ஞோரா ரொசால்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அவர் விடவில்லை.

"அந்த ஆள் ஆர்?" என்று கேட்டார்.

"எந்த ஆள், சிஞ்ஞோரா?"

"தூசிக்குள்ளை எங்கடை வண்டியைச் சுத்தி நடந்தவர். மூண்டு தரம் சுத்தினவர். காலடி கேட்டது. நான் கதவைத் திறக்கச் சொன்னனான். இந்தப் பெடியன் பூட்டிப்போட்டு என்ரை கையையும் பிடிச்சுக்கொண்டான்."

ரமணன் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றான். காருக்கு நடக்கும்போதுதான் கதைத்தான்.

"அத்தான், தானோ சொன்னவன். தன்னை முதல்லை வாதிக்குள்ளை விட்டனீங்களாம்."

"புள்ளி அங்கை போனது, தம்பி."

"நான் இறங்கி நடந்திட்டன் எண்டு நினைச்சனீங்கள்."

நான் அவனுடைய பையை வாங்கித் தோளில் போட்டேன்.

"எனக்கு இறங்கவேணும் போலத்தான் இருந்தது. வெளியிலை நடக்கிற சத்தம் கேக்கக் கேக்க, ஒரு கை கதவுப்பிடிக்குப் போனது. ஆனா நீங்கள் எழுதியிருந்தனீங்கள். முதல் வரி. அதைத்தான் அந்த மனிசிக்கு வாசிச்சு வாசிச்சுக் காட்டினனான்." கொஞ்ச தூரம் நடந்தான். "நீங்கள் கல்லை நம்பினியள், அத்தான். என்னை நம்பேல்லை."

சிஞ்ஞோரா லீனா டிராக்கர் விற்றவர்களிடம் கேட்டார். தூசியில் அப்படிப் பிழைகள் வரும் என்று பதில் வந்தது. டிராக்கருக்குள்ளிருந்து அவர்கள் எடுத்து அனுப்பிய நிமிடத்துக்கு நிமிடப் பதிவை லீனா திறந்து எனக்குக் காட்டினார். நாலாம் புள்ளி வாதிக்குப் போகுமுன், நெருக்கமாக மூன்று தரம் மூன்றாம் வண்டியைச் சுற்றியிருந்தது.

"பிழை எண்டால் பிழைதான்," என்றார். பிறகு, "இந்தப் பதிவை அழிச்சுவிடுங்கோ, நான் இல்லாத நேரம் பாத்து," என்றார்.

6. பாடம்

இளையவர்கள் இதிலிருந்து பேயைப் பற்றி ஏதாவது படித்தால் நான் பொறுப்பில்லை. நான் படித்தது இவ்வளவுதான். பயணத் தாளில் மூச்சு விடுகிறதை மட்டும் எழுது. மருந்து, நோயாளி இருக்கிற வண்டியிலேயே போகட்டும். இறங்காதே என்று எழுதினால் இறங்கமாட்டார்கள் என்று முதலில் நம்பவேண்டியவன் எழுதினவன். எல்லாரும் திரையை நம்பி, என்னை நம்பி ஓடும்போது, நான் ஓட்டுகிறவனை நம்பாமல் இருந்தேன். மூன்று வண்டியோடு பயணம் இப்போது நான் போடுவதில்லை. இரண்டு, அல்லது நாலு. இது மூடநம்பிக்கை இல்லை, அலுவலக விதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லைத் திருப்பி வைக்கச் சியாகுல்லிக்குப் போனோம். நான், சுகந்தி, ரமணன். டிராக்கரைக் கழற்றி, அதே மன்டரின் மரத்தடியில், அது முன்பு கிடந்த பள்ளத்திலேயே வைத்தேன். காருக்குத் திரும்பி வந்தபிறகுதான் சுகந்தி கேட்டாள்:

"போகேக்கை நாலு. வரேக்கை மூண்டு. வேறை ஒரு கல் எடுக்கிறதோ?"

"வேண்டாம்," என்றேன்.

நான் எஞ்சினைப் போட்டேன். ரமணன் பின்னால் ஏறி, மற்றப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். கதவை உடனே சாத்தவில்லை. ஒரு ஆள் ஏறுகிற நேரம் பார்த்திருந்து, பிறகு சாத்தினான்.