கோவணக் கேஸ்

மலாயாவில் இந்த ஜொகூர் சீமையில் குளிப்பதற்கும் சட்டம் உண்டு என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ரெங்கம் கடைத்தெருக் குழாயடியில் கோவணத்தோடு குளித்தால் மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரன், பிடித்துக்கொண்டு போய்விடுவான். பொது இடத்தில் அநாகரிகமாக உடம்பைக் காட்டிய குற்றம். அபராதம் அல்லது சிறை. துரைமாரும் அரைமுழத் துணியோடுதான் கிளப்புக் குளத்தில் குதிக்கிறார்கள். சுற்றி வேலி இருப்பதால் அது பொது இடம் ஆகாதாம். வேலி போட வசதியுள்ளவனுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டுக்குள் நாள் முழுக்க வேகிறேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஆற்றுத்துறையில் கணக்குப்பிள்ளையும் கோவணம், அவருடைய மாட்டுக்காரனும் கோவணம். ஆனால் கரையேறியதும் கணக்கு மாறிவிடும். பெரிய மனிதர் எதிரே வந்தால் நாங்கள் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டவேண்டும். அந்தக் கேவலம் பொறுக்காமல் கப்பலேறியவன் நான்.

சென்ற மாதம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மாரிமுத்து பிடிபட்டான். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கடைத்தெருவுக்கு வந்து குளித்தவன். கோர்ட்டு வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நெறமாசக்காரி லயத்துல தனியா கெடக்குறா. பொழுது சாயறதுக்குள்ள போயிரணும்ங்க."

"பயப்படாதப்பா, மொதத் தடவைதானே, கண்டிச்சு விட்ருவாரு" என்று சொல்லி, என் மாற்றுச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன். குழாய்த் தண்ணீரைச் செலவழித்ததற்குத்தான் கேஸ் என்று அவன் நினைத்திருந்தான். எடுத்துச் சொன்னேன், தலையாட்டினான்.

மாஜிஸ்திரேட் துரை வந்து உட்கார்ந்தார். மாரிமுத்து அவரைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சட்டையை உருவி, இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றான்.

"என் கண்ணெதிரிலேயேவா?" என்றார் துரை. எங்கள் நாட்டில் மேல்துணியை எடுப்பது பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று உளறிக்கொட்டி விளக்கினேன். யோசித்தார். நல்ல மனிதர்தான்.

"அப்படியானால் மூன்று வருஷமாக என் முன்னால் கோட்டோடு நிற்கிறாயே, உனக்கு என்மேல் மரியாதை இல்லையா?"

கோர்ட்டே சிரித்தது. நான் கோட்டைக் கழற்றியிருந்தால் அவர் நம்பியிருப்பார். கை முதல் பித்தான்வரை போயிற்று. அதற்குமேல் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"அது படிக்காதவர்களின் வழக்கம், துரை" என்றேன்.

"சரி, இவனும் படித்துக்கொள்ளட்டும். பதினான்கு நாள் சிறை."

அதைத் தமிழில் சொல்லவேண்டியவனும் நான்தான். மாரிமுத்து அழவில்லை. சட்டையை அவிழ்த்து உதறி, மடித்து நீட்டினான்.

"அங்க அவங்களே உடுப்பு குடுப்பாங்களாமே. இத நீங்க வச்சுக்குங்க ஐயா. அவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

சாயங்காலம் தோட்டத்துக்கு நடந்தேன். கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றவள், என் கோட்டைக் கண்டதும் அவசரமாகக் கும்பிட்டாள்.

"சலாங்க தொரை. எங்க ஊட்டுக்காரரு வரலீங்களா?"