பள்ளிக்கூடத்து மதிலோடு ஒரு வீடு

கந்தோரில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போய்த்தான் அந்த வீட்டை முதலில் பார்த்தேன். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வளவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கிணறு, முன்னுக்கு ஒரு வேம்பு. என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஓட்டோ ஓடுகிறவர். ஓட்டத்துக்கு நடுவே வீடு வளவும் விற்றுக் கொடுப்பார்.

"தம்பிக்கு எத்தினை பிள்ளையள்?" என்று வழியில் கேட்டார்.

"எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை."

முன்னுக்கிருந்த சின்னக் கண்ணாடிக்குள்ளால் என்னைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். "அப்ப தங்கச்சிக்குச் சீதனமோ?"

"தங்கச்சி கலியாணம் கட்டியிட்டா. அவவுக்கு வீடும் குடுத்தாச்சு."

"அப்ப ஆருக்கு ஐசே இந்த வீடு?"

"எனக்குத்தான்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "ஆம்பிளை தனக்கெண்டு வீடு வாங்கி நான் காணேல்லைத் தம்பி. ஆம்பிளை எண்டா வீட்டுக்குப் போறவனெல்லோ."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகிறது. தகப்பனும் அண்ணன்மாரும் சேர்ந்து கட்டுகிற வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அங்கே வந்து சேருவான். சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் நான் பிறந்த வீடு ஓலையும் தகரமுமாக இருந்தது. அதை இடித்து, அந்த நிலத்திலேயே கல்வீடு கட்டித் தங்கச்சிக்குக் கொடுத்தோம். அப்பாவின் படகு எஞ்சின் அதில் போனது. என் முதல் வருடத்துச் சம்பளமும் அதில்தான் போனது. எனக்கு அதில் மனவருத்தம் எதுவும் இல்லை. ஆனால் வீடு குடிபுகுந்த அன்றிலிருந்து எனக்குப் போவதற்கு ஓரிடம்தான் இருந்தது, இருப்பதற்கு இல்லை.

"ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ," என்றார் ஓட்டோக்காரர் இறங்கும்போது. "இஞ்ச விலை வீட்டுக்கில்லை, பள்ளிக்கூடத்துக் கேற்றுக்குத்தான். கிட்ட இருந்தாத்தான் முதலாம் வகுப்பில பிள்ளைக்கு இடம் கிடைக்குமெண்டு சனம் அடிபட்டு வருது. பிள்ளை இல்லாத ஆள் அந்த விலையைக் குடுக்கிறது விசர் வேலை."

வீட்டுக்காரி அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. நான் அவவை அன்ரி என்று கூப்பிட்டேன். மட்டக்களப்பில் மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அங்கேயே போய்த் தங்கப் போகிறேன், ஆகவே கெதியாக முடிவு வேண்டும் என்றா. அறைகளைக் காட்டிவிட்டுக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரு கணத்துக்கு முன்புவரை யாரோ ஒரு ரீச்சர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது மட்டும் கேட்டது. பிறகு மதில் உடைந்து கொட்டியது போல அத்தனை பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். கத்தல், ஓட்டம், ஒருத்தி ஒருத்தனைப் பற்றி ரீச்சரிடம் முறையிடுவது, யாரோ விடாமல் தகரப் பெட்டியில் தட்டுவது. ஒரு பந்து வந்து கிணற்றடியில் விழுந்தது. நான் அதை எடுக்கக் குனிந்தேன்.

"வையுங்கோ, வையுங்கோ!" என்றா அன்ரி. "உடன குடுத்தா உடன திரும்பி வரும். இடைவேளை முடியக் குடுக்கோணும்." குசினி வாசலில் ஒரு பழைய பிளாஸ்ரிக் பேசின் இருந்தது. அதற்குள் இரண்டு பந்து, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒற்றைச் செருப்பு. "இதுகளும் வீட்டோட வரும்," என்று சொல்லிச் சிரித்தா. "இந்தச் சத்தம் தாங்குவியளோ தம்பி?"

"ஓம்," என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொன்னேன்.

அந்த நாட்களில் நான் லிங்கநகரில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர்கள். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்கவேண்டும், அவ்வளவுதான். வேலை முடிந்து போகும் வழியில் கொத்துரொட்டிக் கடையில் "முட்டைக் கொத்து ஒண்டு" என்பேன். பல நாட்களில் அதுதான் நான் பேசுகிற கடைசி வசனம். அடுத்த நாள் கந்தோரில் யாராவது எதையாவது கேட்கும்வரைக்கும் என் குரல் எனக்கே கேட்காது. மதிலுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு சனம் இருந்தால் போதும், அவர்கள் என்னோடு பேசக்கூடத் தேவையில்லை என்று அன்று நினைத்தேன்.

பின்னேரம் சல்லிக்குப் போன் எடுத்தேன். அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே போன். இரண்டு பேரும் சேர்ந்தே பேசுவார்கள்.

"உனக்கு வாறவள் வீட்டோட வருவாள் ராசா," என்றா அம்மா. "நீ முந்தி வாங்கினா அவையள் என்ன செய்வினம் தெரியுமோ? மாப்பிள்ளைக்குத்தானே வீடு இருக்கெண்டு தங்கட வீட்டை இளையவளுக்கு எழுதிப்போடுவினம். பிறகு நீதான் ஏமாந்த ஆள்."

"அம்மா சும்மா இருங்கோ," என்றாள் தங்கச்சி. "அண்ணா வாங்குங்கோ. எங்கட பிள்ளைக்கு அடுத்த வருசம் முதலாம் வகுப்பு. நாங்களும் அங்க வந்திடுறம்."

"உன்ர மனுசன் ஆரோட கடலுக்குப் போறது? துறைமுகத்துக் கப்பலோடயோ?" என்றா அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் வரப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "எனக்கும் ஒருக்காக் காட்டச் சொல்லு."

கடல் அடித்து ஒருவரும் தொழிலுக்குப் போகாத ஒரு நாளில் அப்பா சைக்கிளில் வந்தார். கந்தோர் விட்டு நான் வெளியே வர, கேற்றுக்கு எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து இருந்திருக்கலாம். அவர் எந்தக் கேற்றுக்குள்ளும் இலேசில் வரமாட்டார்.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். அம்மாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவன் நான். அது எப்படி இருக்குமென்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. முதல் நாள் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது, பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை வீட்டில் பிரித்துச் சாப்பிட்டேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே நடந்தது. கடைசியில் ரீச்சர் கேற்றடிக்கு வந்து, "ஐயா, ஏன் பிள்ளையைப் பாதியில கொண்டுபோறியள்?" என்று கேட்க, அப்பா, "மணி அடிச்சதெல்லோ?" என்றாராம். இந்தக் கதையை அவரே பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்ரி தேத்தண்ணி போடப் போனா. அப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார், வேம்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு மதிலோரம் வந்து காது கொடுத்தார்.

"சத்தமா இருக்குமெண்டாய். எங்க சத்தம்?"

மதிலுக்கு மேலால் பார்த்தேன். மைதானத்தில் ஒருவரும் இல்லை. திருகோணமலைத் தெருக்களில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் நாலைந்து, பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன சாப்பாட்டுத் தாள்களை முகர்ந்துகொண்டு திரிந்தன. வகுப்புகளின் கதவுகள் பூட்டியிருந்தன. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல் வந்து, போய், பிறகு அதுவும் இல்லை.

"பிள்ளையள் ஒண்டரையோட போயிடுங்கள்," என்றா அன்ரி, தேத்தண்ணியைத் தந்தபடி. "சனி ஞாயிறு ஒரு குஞ்சும் வராது. தம்பி வேலைக்குப் போறது எத்தினை மணிக்கு?"

பிள்ளைகள் வந்து சேருகிற நேரத்தில் நான் கந்தோருக்குக் கிளம்பவேண்டும். நான் திரும்பி வரும்போது அவர்கள் வீட்டுப்பாடம் எழுதி முடித்திருப்பார்கள். நான் பார்த்தது லீவு எடுத்த ஒரு காலையை. அப்பா இடைவேளை மணியை முடிவென்று நினைத்தார். நான் அதை முழு நாளென்று நினைத்திருந்தேன். லிங்கநகரில் பக்கத்து வீட்டு ரீவியாவது கேட்கும். நகரத்துக்குள்ளேயே மிகவும் அமைதியான ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, கேற்றுக்கென்று கூடுதல் விலையும் கொடுக்கப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்.

"ராவில ஆர் இருப்பினம்?"

"நான்தான்."

"சமைக்கிறது?"

"நான்தான்."

"நல்ல கிணறு," என்றார். சைக்கிளில் ஏறியபின், "அம்மா கேட்டா நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லு," என்றார்.

வேண்டாம் என்று ஓட்டோக்காரருக்குச் சொல்ல நினைத்துக்கொண்டே அந்தச் சனிக்கிழமை சல்லிக்குப் போனேன். முன்பு வரும்போது நான் படுக்கிற மூலையில் தங்கச்சியின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய கொளுக்கி இன்னும் தொங்கியது. அதற்குக் கீழே பிள்ளையின் விளையாட்டுச் சாமான்கள். அம்மா பாரைமீன் குழம்பு வைத்திருந்தா. எல்லாருக்கும் வழக்கமான தட்டில் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் அலுமாரியைத் திறந்து பூப்போட்ட பீங்கானை எடுத்தா. வெளியாட்கள் வந்தால் எடுக்கிற பீங்கான் அது. போன முறையும் அதுதான், அதற்கு முந்தியும் அதுதான், அன்றுதான் கவனித்தேன்.

"அம்மா, என்ர பழைய அலுமினியத் தட்டு எங்க?"

"அதோ?" அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டா. "அதைக் கோழிக்குத் தண்ணி வைக்க எடுத்திட்டன் ராசா. நெளிஞ்சு போச்சு. உனக்கேன் அது, இதில சாப்பிடு."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல குழம்பு. சாப்பிட்டு முடிய அம்மா, "நாளைக்கு எத்தினை மணி பஸ் தம்பி?" என்று கேட்டா. பஸ்ஸுக்கு முன் எனக்குச் சோறு தரவேண்டும் என்பதற்காகக் கேட்பது. வேறு ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அங்கே மற்ற ஒருவருக்கும் பஸ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"எடுக்கிறன் அண்ணை."

"யோசிச்சுத்தானோ?"

"ஓம்."

"சரி. விசர்தான், ஆனா உங்கட விசர்," என்றார்.

பால் காய்ச்ச அம்மா, தங்கச்சி குடும்பம் எல்லாரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. பொழுதுபடுமுன் போகவேண்டுமென்று பின்னேர பஸ்ஸைப் பிடித்தார்கள். எத்தனை மணி பஸ் என்று இந்த முறை நான் கேட்டேன். பிறகு அம்மா சொன்னதும் நடந்தது. கிளிவெட்டியில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு வீடு இருக்கிறதென்று தெரிந்ததும் பெண் வீட்டார் தங்கள் வீடு இளைய மகளுக்கென்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சம்மதம்தான். அம்மாவுக்கு இல்லை. பேச்சு அங்கே நின்றது.

அன்ரி விட்டுப்போன பேசின் குசினி வாசலிலேயே இருக்கிறது. வேலையால் வந்ததும் வளவைச் சுற்றி நடந்து அன்று விழுந்தவற்றைப் பொறுக்கி அதற்குள் போடுவேன். அதிகமும் பந்துதான், ஒருநாள் ஒரு தொப்பி, ஒருநாள் பாதி கடித்த கொய்யாப்பழம். காலையில் கந்தோருக்குக் கிளம்புமுன் ஒவ்வொன்றாக மதிலுக்கு மேலால் எறிவேன். எறிகிறவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் யாரென்று எனக்கும் தெரியாது. கொத்துக் கடை இப்போது வழியில் இல்லை. ஆகவே அந்த வசனமும் போய்விட்டது.

போன மாதம் காய்ச்சலில் படுத்தேன். கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்தபடி முதன்முறையாக ஒரு பள்ளிக்கூட நாளை முதலிலிருந்து கேட்டேன். தேவாரம், பிறகு வாய்ப்பாடு. நான் வீடு வாங்கியதே இதற்காகத்தான். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது அது பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பது போலத்தான் இருந்தது.

இடைவேளை மணி அடித்து, சத்தம் கிளம்பிய நேரம், கேற்றடியில் சைக்கிள் மணியும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா. ஹாண்டிலில் கஞ்சி வாளி தொங்கியது. முந்தின நாள் போனில் என் குரலைக் கேட்டு அம்மா அனுப்பியிருக்கவேண்டும். அவர் கேற்றுக்கு வெளியே ஒற்றைக் கால் ஊன்றி நின்று பள்ளிக்கூடப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டாச்சோ?" என்றார்.

"இல்லையப்பா. இடைவேளை."

"அப்ப நிக்கிறன்," என்று சொல்லிச் சைக்கிளை உள்ளே கொண்டுவந்தார்.

ஒரே தட்டுத்தான் வைத்திருந்தேன். கஞ்சியை அதில் எனக்கு ஊற்றித் தந்துவிட்டு, தான் வாளியின் மூடியில் குடித்தார். கிணற்றடியில் பந்து விழுந்தது. அப்பா எடுத்து எறியப் போனார்.

"இப்பக் குடுக்காதேங்கோ அப்பா. திரும்பி வரும்."

பந்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் மறுபடி படுத்தேன். கொஞ்ச நேரம் நித்திரையாகிப் போனேன். கண் விழித்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது, அது கடைசி மணி. அப்பா மதிலடியில் நின்று பந்தை அந்தப் பக்கம் எறிந்தார். யாரோ ஒரு பையன், "டேய், வந்திட்டுதடா!" என்று கத்தினான்.

"இப்ப விட்டாச்சு," என்றார் அப்பா. வாளியைக் கழுவி ஹாண்டிலில் மாட்டினார். விடியத் தொழிலுக்குப் போகவேண்டும். ஓட்டோக்களுக்கும் சீருடைப் பிள்ளைகளுக்கும் நடுவே அவருடைய சைக்கிள் வளைந்து வளைந்து போவதைத் திருப்பம் வரைக்கும் பார்த்தேன். தெரு வெறுமையான பிறகு கேற்றைச் சாத்தினேன்.