லாரிப் பலகையில் விரித்த துண்டு

மூன்று வருஷங்களுக்கு முன்பு, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணைக்கட்டு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு அங்கே காம்ப் ஆபீசில் குமாஸ்தா வேலை. தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் எட்டு மாதக் குழந்தை. மத்தூரில் அம்மா வீட்டில் எந்நேரமும் ஆட்களுக்கு நடுவில் இருந்து பழகியவள் நான். இங்கே பகல் முழுவதும் பாறைக்கு வெடி வைக்கிற சத்தமும் குழந்தையின் அழுகையும்தான் துணை.

அப்படிப்பட்ட இடத்தில், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கணவர் அங்கே ஓவர்சியர். என்னைக் கண்டதும் அவளும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் கவலையில்லை என்று நினைத்தேன்.

ஆனால் அவளுக்கு அதற்குள் வேறொரு சிநேகிதி அமைந்துவிட்டிருந்தாள். ஸ்டோர் கீப்பரின் மனைவி. எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், கலகலப்பாகப் பேசுகிறவர்.

வாரத்துக்கு ஒரு நாள் காம்ப் லாரி பெண்களை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போகும். டிரைவருக்குப் பின்னால் குறுக்காக ஒரு பலகை போட்டிருக்கும். அதில் உட்கார்ந்தால் அவ்வளவாகத் தூக்கிப் போடாது, புழுதியும் குறைவு. என் சிநேகிதி முன்னதாகவே ஏறி, பக்கத்தில் ஒரு சிவப்புக்கரைத் துண்டை விரித்து ஸ்டோர் கீப்பர் மனைவிக்கு இடம் பிடித்து வைப்பாள். அந்த அம்மாள் வராத நாட்களில் மட்டும் என் வீட்டு வாசலுக்கு வருவாள்.

"அவங்க வரலையாம். நீ வர்றியாடி?"

அந்த முதல் இரண்டு வார்த்தைகள் சுருக்கென்று குத்தும். இருந்தும் ஒரு தடவைகூட நான் வரவில்லை என்று சொன்னதில்லை. கூப்பிடாமல் போய்விடுவாளோ என்றிருக்கும்போதுகூட, ஒருவேளை கூப்பிட்டால் என்று குழந்தைக்குச் சட்டை போட்டுத் தயாராக வைத்திருப்பேன். "சந்தை நாளானா இவனுக்கு மை வெச்சு உக்கார வெச்சிடற. இவன் என்ன வாங்கப் போறான்?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். லாரி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டதும் அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பேன். நான் அதிகம் பேசுவதில்லையோ, குழந்தை அழுது தொந்தரவு செய்கிறானோ, போன தடவை ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று அன்று முழுக்க மனசு குடைந்துகொண்டே இருக்கும்.

இந்த நிலையில் ஸ்டோர் கீப்பருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்றிய லாரியில் ஏறுவதற்கு முன் அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "இனிமே நீதாம்மா. பாத்துக்க" என்று சொல்லிச் சிரித்தார். வண்டி திரும்புவதற்குள்ளேயே மெத்தைச் சுருட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இப்படிப்பட்ட சிநேகிதியை விட்டுப் போகிறோமே என்ற வருத்தம்கூட இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த சந்தை நாளில் சிவப்புக்கரைத் துண்டு எனக்காக விரித்திருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்பாரியில் ஏறியவள் போல உட்கார்ந்து போனேன்.

அதற்குப் பிறகு ஆண்கள் வேலைக்குப் போனதுமே அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். மத்தியானம் வரை பேச்சு. நல்ல மனசுக்காரிதான். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், கீரை ஆய்ந்து கொடுப்பாள். ஆனால் குழந்தை தூங்குகிற நேரமும் அவள் பேசுகிற நேரமும் ஒன்றாக இருக்கும். அவளுக்குச் சொல்லாமல் நான் குழாயடிக்குப் போய்விட்டால் அன்றெல்லாம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

அந்தக் குழாயடியில்தான் வந்தது வினை. எனக்கு அடுத்த வீட்டில் பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்து மேஸ்திரியின் மனைவி இருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வரிசையில் என் சிநேகிதி வைத்திருந்த குடத்தை அவள் நகர்த்தி வைத்துவிட்டாள் என்று சண்டை. "இனிமே அவகூட நீ பேசக் கூடாது" என்று என் சிநேகிதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் காய் விடுவோமே, அதே மாதிரி.

எனக்குப் பகீரென்றது. என் குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை, பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மேஸ்திரி மனைவி வளர்த்த ஆட்டின் பாலில்தான் அவன் தேறிக்கொண்டிருந்தான். காசு கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள். அதற்குப் பதிலாக அரிசி களைந்த கழுநீரையும் காய்கறித் தோலையும் ஒரு சட்டியில் போட்டு வாசலோரம் வைப்பேன். அவள் அதை ஆட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள்.

மறுநாள் காலையில் என் சிநேகிதி வந்தபோது சட்டி வாசலில் இருந்தது. "இது இன்னும் எதுக்கு? ஊத்துடி" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. லாரிப் பலகையில் எனக்காக விரித்த துண்டு கண்முன் வந்தது. நான் கழுநீரைச் சாக்கடையில் ஊற்றினேன். சற்றுப் பொறுத்துப் பால் டம்ளரோடு மேஸ்திரி மனைவி கூப்பிட்டபோது கதவுக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் நின்றேன்.

அன்றைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் குழந்தை எல்லாவற்றையும் கக்கிவிட்டான். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ள, துவண்டு போய் என் தோளில் கிடந்தான்.

விடிந்ததும் பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி மனைவிதான்.

"ஏமம்மா, நேத்து கழுநீர் வைக்கல? ஆடு உன்மேல கோவமா இருக்குது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள், குழந்தையைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சண்ட எனக்கும் அந்தம்மாவுக்கும். இவன் யாரு கொடத்த நகத்துனான்?"

அவ்வளவுதான் சொன்னாள். பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். அது வயிற்றில் நின்றது.

அன்றைக்குக் கழுநீர்ச் சட்டியை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். என் சிநேகிதி வந்தாள். சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கொழந்தைக்கு அந்தப் பால்தான் ஒத்துக்குது. நான் அவங்ககூடவும் பேசுவேன், உன்கூடவும் பேசுவேன்" என்றேன்.

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

இனி என்னென்ன வருத்தம் வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். வரவில்லை. குழந்தை தன் நேரத்துக்குத் தூங்கினான். ரொம்ப நாளைக்குப் பிறகு சோற்றைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியபோதுதான் மெத்தைச் சுருட்டில் சாய்ந்துகொண்டு போன ஸ்டோர் கீப்பர் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. "பாத்துக்க" என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடுத்த சந்தை நாளில் துண்டில் புதிதாக வந்த இன்னொரு ஓவர்சியரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பெருமையும் கூச்சமுமாக இருந்த அவளிடம் ஏதாவது சொல்லி வைக்கலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில சமயம் நினைப்பேன். லாரியின் பின்கோடியில் மேஸ்திரி மனைவி தன் கோணிப்பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். கிருஷ்ணகிரி போய்ச் சேரும் வரை இருவரையும் தூக்கித் தூக்கிப் போட்டது. குழந்தைக்கு அது ஒரே வேடிக்கை.

என் சிநேகிதி கோபத்தை நீடிக்கவில்லை. கொஞ்ச நாளில், "அவங்க வரலையாம். நீ வர்றியாடி?" என்று பழையபடி வந்து நின்றாள். முடிந்தால் போவேன். முடியாத நாளில், "இன்னைக்கு முடியலடி" என்பேன். அதற்காக அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

இப்போது நாங்கள் ஓசூருக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். இங்கேயும் வாசலோரம் கழுநீர்ச் சட்டி வைக்கிறேன். யார் வீட்டு மாடோ வந்து குடித்துவிட்டுப் போகிறது. அதற்கு முன் எந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டு வந்தது என்று நான் பார்ப்பதில்லை, மனுஷர்கள் விஷயத்திலும் இப்போதெல்லாம் அப்படித்தான்.