ஆளில்லாமல் வந்த குதிரை

நான் ஒரு படத்தின் முடிவை மாற்றிச் சொன்னேன். அந்த முடிவை நம்பி ஒருத்தி தனக்கு வந்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இதுதான் என் குற்றம். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். சினிமாக் கதையை மாற்றிச் சொன்னதற்கெல்லாம் வாக்குமூலமா என்று கேட்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டு என்னையே தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தேன்... இப்போது தூக்கம் வரவில்லை.

திருச்சுழியில் என் அப்பாவுக்கு வத்தல் வியாபாரம். சுற்றுவட்டாரத்தில் விளைகிற மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக எங்கள் கொட்டகைக்கு வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். நெடி மூக்கில் ஏறும், கண் எரியும், விரலெல்லாம் காந்தும். அவர்கள் அரட்டையில் இறங்கினால் கை நின்றுவிடும். யாராவது கதை சொன்னால் மட்டும் வாய் மூடியிருக்கும், கை ஓடும்! இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. காசை எளிதில் அவிழ்க்காத மனிதர், அருப்புக்கோட்டையில் புதுப்படம் வந்தால் மட்டும் என்னை அம்மாவோடு பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். நான் பார்த்துவிட்டு வந்து கொட்டகையில் சொல்ல வேண்டும். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத உத்தியோகம் இது. எனக்குத் திமிர் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எத்தனையோ படம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கண்ணாடிக் குதிரைப் படங்களைப்போல் எதுவும் என்னை ஆட்டிவைத்ததில்லை. அவற்றுக்கு வேறு பெயர்கள் உண்டு. எங்கள் ஊரில் கண்ணாடிக் குதிரை என்றால்தான் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது முதல் படம் வந்தது. மந்திரவாதியின் சாபத்தால் ஓர் இளவரசிக்கு முழங்காலுக்குக் கீழே கல்லாகிவிடும். கோட்டை வாசலில் கையில் விளக்கோடு நிற்பாள். சாபம் தீர்க்கும் தண்ணீரைத் தேடி இளவரசன் கண்ணாடிக் குதிரையில் ஏழு கடல் தாண்டிப் போவான். படம் முடியும்போது அவள் இன்னும் நின்றுகொண்டிருப்பாள். அடுத்த படம் வரும், அதிலும் அவள் நின்றுகொண்டிருப்பாள். நானும் அவளோடு நின்றேன்! பள்ளிக்கூடம் முடிந்தது, தாவணி போய்ச் சேலை வந்தது, எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள்... அவன் மட்டும் வரவில்லை.

கொட்டகையில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் எஸ்தரக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளுடைய அப்பா எங்கள் ஊர்ச் சர்ச்சில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர்தான். அந்த வீட்டில் சினிமா என்றால் பாவம். எஸ்தரக்கா ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் என் வாயால் கேட்ட கண்ணாடிக் குதிரை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காதால் கேட்பது பாவத்தில் சேராது என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

அவளுக்கும் ஒருவன் இருந்தான். ஜெபராஜ், மாமன் மகன். சிறுவயதிலிருந்தே இவளுக்கு அவன் என்று பேசிவைத்திருந்தார்கள். பம்பாய்க்கு வேலைக்குப் போனவன். முதலில் ஆள் மூலமாகத் தகவல் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் பாலவனத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வீட்டார் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாரம்தான் கண்ணாடிக் குதிரையின் கடைசிப் படமும் அருப்புக்கோட்டைக்கு வந்தது. எங்கள் கெட்ட நேரத்தைப் பாருங்கள்!

புறப்படும் நாள் காலையில் எஸ்தரக்கா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"ஏ தனம், ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்த எளவரசன் திரும்பி வந்துட்டான்னா நானும் காத்துக் கெடக்கேன். வரலைன்னா வாத்தியாருக்குச் சரின்னு சொல்லிடுறேன். நீ பாத்துட்டு வந்து உள்ளதச் சொல்லு."

"யக்கா, அது சினிமாக்கா..."

"எனக்குத் தெரியாதா? வருசப் பெறப்புக்குக் கோயில்ல வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். அதுல எனக்கு ஒன்னும் பிடிபடல. மனசு கெடந்து அடிச்சுக்குது தாயி. எதையாச்சும் ஒன்னப் பிடிச்சுத்தான தாண்டணும்?"

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பார்கள். அந்த வருடம் முழுக்க அதுதான் அவர்களுக்கு வழித்துணை. அப்படி அட்டை எடுத்துப் பழகிய கை, இந்த முறை என்னிடம் நீண்டது. அட்டையாக நான் இருந்தேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன்... சொல்லவே வாய் கூசுகிறது.

மேட்னி ஆட்டம். தியேட்டரில் நிற்க இடமில்லை. குதிரை முதலில் வந்தபோது சூடம் கொளுத்தினார்கள், காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். அம்மா இடைவேளைக்குப் பிறகு தூங்கிப்போனாள். நான் சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது கடல். இளவரசன் சுனையைக் கண்டுபிடித்துவிட்டான்! ஆனால் அந்தத் தண்ணீரை எடுத்தால் எடுத்தவன் அங்கேயே காவலுக்கு நிற்க வேண்டுமாம். அவன் யோசிக்கக்கூட இல்லை. குடத்தைக் குதிரையின் கழுத்தில் கட்டி அனுப்பிவிட்டான்.

குதிரை மட்டும் வந்தது. சேணத்தில் ஆள் இல்லை.

"ஏலே, ஆளக் காணோம்லே!" என்று முன்னாலிருந்து ஒருவன் கத்தினான். "படத்த ஒழுங்காப் போடுலே!" என்று இன்னொருவன் செருப்பைத் தூக்கினான். திரையில் அவள் கால் நனைந்தது, ஏதோ நடந்தது, விளக்கை அணைத்தாள், படிகளில் இறங்கினாள்... வணக்கம் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அவ்வளவேதான்!

இத்தனை வருடம் நின்றேனே, இதற்காகவா? படம் எடுத்தவன் கையில் கிடைத்தால் கடித்திருப்பேன். அழுதேன்; சாவு வீட்டில்கூட நான் அப்படி அழுததில்லை. அம்மா எழுந்து, "என்னடி, செத்துட்டானா?" என்றாள். "இல்ல, வரல" என்றேன். "அதுக்கு ஏன்டி அழுகுற? வா, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் எனக்குள் ஒரு படம் ஓடத் தொடங்கியது. குதிரைக்குப் பின்னாலேயே கடலில் ஒரு தலை தெரிகிறது. இளவரசன் நீந்தி வருகிறான். கரையேறுகிறான். அவள் கையிலிருந்த விளக்கைத் தான் வாங்கிக்கொள்கிறான்... திருச்சுழி வருவதற்குள் கல்யாணமே நடத்திவைத்துவிட்டேன்.

எஸ்தரக்கா சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் இங்கேயே தப்பித்துவிடலாம். மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் மனம் நோகக் கூடாதென்று அவளுக்காகப் பொய் சொன்னேன் என்றும் சொல்லலாம். அதுவும் இல்லை. எனக்காகச் சொன்னேன். அந்த முடிவை என்னால் தாங்க முடியவில்லை. அவன் வரவில்லை என்று என் வாயால் சொல்லிவிட்டால் அவன் உண்மையிலேயே வராமல் போய்விடுவான் என்று தோன்றியது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட ஒரு படம் எனக்குப் பெரிதாக இருந்தது... இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

மறுநாள் கொட்டகையில் கதை சொன்னேன். என்றைக்கும் சொல்லாத அழகோடு சொன்னேன். கடைசியில் எல்லோர் கண்ணிலும் நீர். வத்தல் நெடியா, கதையா, தெரியவில்லை. எஸ்தரக்காவின் கை மட்டும் நின்றுபோயிருந்தது.

"வந்துட்டானா?"

"வந்துட்டான்க்கா."

"உள்ளதாத்தான் சொல்றியா?"

"கண்ணால பாத்தேன்."

அவள் முகம் தெளிந்ததே... அந்தத் தெளிவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன்!

ஞாயிற்றுக்கிழமை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோயில்பிள்ளை மகளிடம் முகம் கொடுத்துப் பேசப் பல நாள் ஆனது. வாத்தியாருக்கு வேறு இடத்தில் முடிந்தது. அவரை இப்போதும் அருப்புக்கோட்டைச் சந்தையில் பார்ப்பதுண்டு. மனைவியிடம் பையைக் கொடுக்காமல் தானே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வருவார். அவரைக் கண்டால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஜெபராஜ் வரவில்லை. பம்பாயில் பெண்டாட்டி பிள்ளையோடு அவனைப் பார்த்ததாக வீரசோழன் ஊர்க்கார லாரி டிரைவர் ஒருவர் வந்து சொன்னார். "பம்பாயில ஜெபராஜுக்கா பஞ்சம்? அது வேற ஆளா இருக்கும்" என்று எஸ்தரக்கா சிரித்தாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? முயன்றேன். "யக்கா, அந்தக் குதிரைப் படத்துல..." என்று தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ ஒடஞ்சு போயிருப்பேன் தனம்" என்றாள். அவள் ஊன்றி நிற்கும் ஒரே குச்சியை நானே எப்படி உருவுவேன்? கோழைக்குக் காரணமா பஞ்சம்!

வருடங்கள் போயின. நான் கல்யாணமாகி உள்ளூரிலேயே இருந்தேன். அப்பாவுக்குப் பிறகு கொட்டகை என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. எஸ்தரக்காவின் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அவள் தம்பி வீட்டில் ஓர் ஓரமாக இருந்துகொண்டு எங்கள் கொட்டகைக்கு வேலைக்கு வந்தாள். காதோரம் நரைத்துவிட்டது. ஊருக்குள் கேபிள் டி.வி. வந்தது.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தவள் டி.வி.யைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏ தனம்... இது நம்ம கண்ணாடிக் குதிரையில்ல?"

ஒரு காட்சிகூடப் பார்க்காதவள், நான் சொன்னதை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். கடைசிப் படம்தான். தரையில் உட்கார்ந்தாள். சினிமா பாவம் என்று தடுக்க அவள் அப்பாவும் இப்போது இல்லை. நான் எழுந்து அணைத்திருக்கலாம். கரண்ட் போகாதா என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன். பாழாய்ப்போன கரண்ட், அன்றைக்கென்று போகவில்லை.

குதிரை வந்தது. ஆளில்லாமல் வந்தது.

அப்போதுதான் நானும் அந்த முடிவைச் சரியாகப் பார்த்தேன். தியேட்டரில் காலிச் சேணத்தையே பார்த்துக் கொதித்த எனக்கு இளவரசியின் கால் கண்ணில் பட்டும் மனதில் ஏறவே இல்லை. தண்ணீர் பட்டதும் கல் கரைகிறது. அவள் விரலை அசைத்துப் பார்க்கிறாள். கடலை ஒருமுறை பார்க்கிறாள், விளக்கைத் தானே ஊதி அணைக்கிறாள், பிறகு நடக்கிறாள்! இனி யாருக்காகவும் நிற்க வேண்டாம், நடந்து போ என்றுதான் அவன் தண்ணீரை அனுப்பியிருக்கிறான். எஸ்தரக்காவுக்கு வேண்டியிருந்ததே இந்த முடிவுதான். இதைத்தான் நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

படம் முடிந்தது. அவள் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. இப்போது கேட்பாள், கேட்கட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"பாத்தியா, அவன் நீந்தி வார சீன வெட்டிட்டானுக!" என்றாள். "வெளம்பரம் போட எடம் வேணும்ல இவனுகளுக்கு. நல்லவேள, நீ தேட்டர்ல முழுசாப் பாத்த."

என் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும் எனக்கு. 'இல்லை' என்ற சொல்...

"ஆமாக்கா, வெட்டிட்டாங்க" என்றேன்.

சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து கொட்டகைக்குப் போனாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று பின்னாலேயே போனேன். புதிதாக வேலைக்கு வந்திருந்த சின்னப் பெண்களுக்கு, டி.வி.யில் விட்டுப்போன காட்சியை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னபடியே சொன்னாள், ஒரு வார்த்தை மாறவில்லை. நான் வாசலிலேயே நின்றேன்.