விரல் பதியாத செங்கல்

“…லச்சுமி பாதமில்லய்யா, என் பாதம். எட்டு வயசுல நான் மிதிச்சது.” என் பெரியம்மா இதைச் சொன்னது, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டின் சாமி அறையில். வீட்டை இடித்துப் பிளாட் போடவிருந்த நேரம். இடிக்க வந்த ஆட்களில் நானும் ஒருவன்.

பெரிய பண்ணையார் கட்டிய வீடு என்பது ஊர்ப்பேச்சு. அவர் ஒரு கூடை மண் சுமந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. கண்மாயில் மண் வெட்டி, செங்கல் அறுத்து, சூளை வைத்தது எங்கள் ஆட்கள். பால் காய்ச்சிய நாளிலிருந்து அந்தக் கைகளுக்கு மாட்டுக்கொட்டத்தோடு எல்லை முடிந்துவிட்டது. “நெல்லுக்குக் காத்து வேணும்னு களஞ்சியத்துக்குச் சன்னல் வச்சாக, நமக்கு வேர்வையே போதும்னுட்டாக” என்பாள் பெரியம்மா.

எட்டு வயதில், கல் காய்ந்த களத்துக்குத் தன் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனவள், ஈரக்கல் ஒன்றை மிதித்துவிட்டாள். அவளுடைய வலது காலில் நாலாவது விரல் பிறவியிலேயே தூக்கி நிற்கும், தரையில் படாது. பண்ணைக் காரியக்காரர் புளிய விளாறால் அதே காலில் அடித்தார். கல் வெந்து வந்ததும் பண்ணையாரின் மனைவி அதைப் பார்த்து, களத்தில் மகாலட்சுமி நடந்திருக்கிறாள் என்று சாமி அறைத் தரையில் பதிக்கச் சொன்னார். யார் மிதித்தது என்று காரியக்காரரும் வாய் திறக்கவில்லை. ஒரு விரல் குறைகிறதே என்று கேட்டவர்களுக்கு, “இன்னும் வரப்போற செல்வத்துக்கு அடையாளமா ஒரு விரலத் தூக்கிக்கிட்டு நிக்கிறா” என்று விளக்கம் வேறு. வெள்ளிதோறும் மஞ்சள், குங்குமம், மல்லிகை. பெரியம்மா கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டே இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். “சொல்லிருந்தா மறுகாலும் போயிருக்கும்டா” என்பாள்.

இன்றைக்கு அந்த வழியே பஸ்ஸில் போகும்போது, “எப்பேர்ப்பட்ட வீடு இருந்துச்சு!” என்று யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்பேர்ப்பட்ட வீடு என்று நான் பார்த்தேனே.

அன்று சின்னப் பண்ணையார் என்னிடம், “விரிசல் விடாமப் பேத்தெடு. மதுரை வீட்டுச் சாமி ரூமுக்குப் போகணும்” என்று அந்தக் கல்லைக் காட்டினார். அப்போதுதான் பெரியம்மா உள்ளே வந்தாள். அறுபது வருடத்தில் முதல் தடவை.

அது தன் பாதம் என்று சொல்லிவிட்டு, “எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த ஒரு கல்லக் குடுத்துருங்க” என்றாள்.

அவர் சிரித்தார். “ஒன் காலடியவா எங்காத்தா கும்பிட்டுச்சு? ஒடஞ்ச கல்லு வெளிய கெடக்கு, எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்க. சாமி ரூமத் தீட்டாக்காம வெளிய போ.”

நான் கடப்பாரையைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவரைக் காட்டிலும் என்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பெரியம்மா மேற்கொண்டு கெஞ்சவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். அன்றைக்கு வைத்த மல்லிகையைக் கட்டைவிரலால் ஒதுக்கித் தள்ளினாள். புழுதி படிந்த வலது காலைக் கல்லின்மேல் அழுத்தி வைத்தாள். எட்டு வயதுத் தடம் அடியில் மறைந்தது. நாலாவது விரல் மட்டும் தூக்கி நின்றது.